ஒரு படகும் அந்தப் படகும்

தமிழ்நாட்டின் வடகிழக்கு மூலையில், திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. ஊரை ஒட்டி விரிந்து கிடக்கும் ஏரி, இந்திய உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி ஆகும். அதன் பெரும்பரப்பு ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தென்பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. கடல்நீர் ஏரிக்குள் புகவும் ஏரிநீர் கடலில் கலக்கவும் வழிவிடும் வாயிலை மக்கள் முகத்துவாரம் என்பர். இறாலும் மடவையும் நண்டும் அவ்வழியே வந்து செல்கின்றன. மணல் சேர்ந்து அவ்வாயில் தூர்ந்துபோகும் காலத்தில், கரையோரக் குப்பங்களின் பிழைப்பும் தடைபடுகிறது.

‘முகத்துவாரம் தூர்ந்துவிட்டது; அதனைத் தூர்வார வேண்டும்’ என்று அவ்வூர் மாணவர் ஒருவர் அரசுக்கு மனு எழுதுவதாகக் கொள்க. தமிழில் எழுதும்போது இத்தொடரில் எந்த இடரும் இல்லை. அதனையே ஆங்கிலத்தில் எழுத முற்பட்டால், முகத்துவாரத்தைக் குறிக்கும் பெயருக்கு முன் ஒரு சிறு சொல் வந்து வழிமறிக்கிறது. அங்கு ‘எ’ வருமா, ‘தி’ வருமா? ‘எ’ என்று எழுதினால், ஏரியின் வாயில்களுள் ஏதோ ஒன்று தூர்ந்துவிட்டது என்று பொருள்படும். எதைத் தூர்வாருவது என்பது விளங்காது. ‘தி’ என்று மட்டும் எழுதினால், எந்த வாயில் என்பதைப் படிப்பவர் முன்பே அறிவார் என்று பொருள்படும். பழவேற்காட்டில் இருப்பவருக்கு அது போதும். ஆனால், இந்த ஏரிக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள்ளும் வாயில் உண்டு. நிலப்படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் தொலைவூர் அலுவலருக்கு அந்தத் ‘தி’ எதையும் உணர்த்தாது. ‘பழவேற்காடு ஊரை ஒட்டிய முகத்துவாரம்’ என்று அடையாளத்தையும் சேர்த்து, அதன்முன் ‘தி’ இடுவதே பொருத்தமான வழி.

ஆங்கில இலக்கணம் ‘ஆர்ட்டிக்கிள்’ என்று பெயரிட்டு வழங்கும் சொற்கள் மூன்றே: ‘எ’, ‘ஆன்’, ‘தி’. பள்ளி இறுதி வகுப்பைக் கடந்த பின்னும் தமிழ் மாணவரைத் தடுமாற வைப்பவை இவையே. விதிகளை மனப்பாடம் செய்தவரும் தடுமாறுகின்றனர். காரணம், விதிகளின் அடியில் உள்ள கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. நான் சொல்லும் பொருள் எது என்பதைக் கேட்பவர் அறிவாரா என்பதே அக்கேள்வி. அறிவார் எனில் ‘தி’. அறியார் எனில், எண்ணத்தக்க ஒருமைப் பெயருக்கு ‘எ’ அல்லது ‘ஆன்’. பொருளின் இயல்பு இங்கு முடிவு செய்வதில்லை. கேட்பவரின் அறிவே முடிவு செய்கிறது. ஒரே முகத்துவாரம் ஊராருக்குச் சொல்லும்போது ஒருவிதமாகவும், அயலாருக்குச் சொல்லும்போது வேறுவிதமாகவும் சுட்டப்படுவதன் காரணம் இதுவே.

தமிழ் இதனை எவ்வாறு உணர்த்துகிறது?

இக்கேள்வி தமிழருக்குப் புதியதன்று. ‘ஓர் ஊரில் அரசன் ஒருவன் இருந்தான். அவ்வரசனுக்கு மூன்று பிள்ளைகள்’ என்று தொடங்கும் கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை இல்லை. முதல் தொடரில் ஊரும் அரசனும் கேட்பவருக்குப் புதியவர். ஆகவே ‘ஓர்’, ‘ஒருவன்’ என்னும் சொற்கள் வந்தன. இரண்டாம் தொடரில் அரசன் அறிமுகமானவன். ஆகவே ‘அ’ என்னும் சுட்டு வந்தது. ஆங்கிலக் கதையில் முதலில் ‘எ கிங்’ என்றும் பின்னர் ‘தி கிங்’ என்றும் வருவது இதே முறையில்தான்.

தமிழில் இதைவிட நுட்பமான வழி ஒன்றும் உண்டு. ‘அவர் வலை வாங்கினார்’, ‘அவர் வலையை வாங்கினார்’ என்னும் இரு தொடர்களையும் ஒப்பிடுக. முதல் தொடரில் எந்த வலை என்பது பேச்சன்று; வலை வாங்கும் செயலே செய்தி. இரண்டாம் தொடரைக் கேட்பவர், முன்பே பேசப்பட்ட வலை ஒன்றை நினைவுகூர்கிறார். விலை பேசி வைத்த வலையாக அது இருக்கலாம். பிறரிடம் அடகு இருந்த வலையாகவும் இருக்கலாம். ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபே இங்குக் குறித்த பொருளைச் சுட்டிவிடுகிறது. ‘மீன் பிடித்தான்’ என்பதற்கும் ‘மீனைப் பிடித்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. முன்னது தொழிலைச் சொல்கிறது; பின்னது தப்பவிருந்த ஒரு மீனைக் கண்முன் நிறுத்துகிறது.

இதனை எல்லாப் பெயர்களுக்கும் பொருத்திவிடலாகாது. உயர்திணைப் பெயர்களில் உருபு மறையாமல் வருவதே பெருவழக்கு. ‘மீனவர் ஒருவரைக் கண்டாள்’ என்னும் தொடரில் ‘ஐ’ இருந்தும் அவர் கேட்பவருக்கு அறிமுகமில்லாதவரே. இன்னும், செய்யுள் வழக்கில் ஓசை கருதியும் உருபு தொக்கு நிற்கும். எனவே, இன்றைய உரைநடையில், அஃறிணைப் பெயர்களில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும் என்று கொள்வதே தகும்.

ஆக, தமிழர் சிந்தனையில் குறித்ததும் குறிக்காததும் வேறுபட்டே இருக்கின்றன. தமிழ் அவ்வேறுபாட்டை வேண்டிய இடத்தில் மட்டும் சொல்லால் காட்டும். மற்ற இடங்களில் சூழலே உணர்த்தும் என்று விட்டுவிடும். ஆங்கிலமோ பெயர் வரும் இடந்தோறும் அதனைக் காட்டுமாறு கேட்கிறது. ‘அவர் ஆசிரியர்’ என்பது தமிழில் நிறைவான தொடர். அதனை அவ்வாறே ஆங்கிலத்தில் அமைத்து ‘ஹி இஸ் டீச்சர்’ என்றால் தொடர் ஊனப்படும். ‘எ டீச்சர்’ என்றே வரவேண்டும்.

பழவேற்காட்டுக்கு வந்த மொழிகள்

இந்த வேறுபாட்டை விளக்கப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. இங்குத் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. இரண்டிலும் ஆர்ட்டிக்கிள் இல்லை. சமஸ்கிருதத்திலும் இலத்தீனிலும் ரஷ்ய மொழியிலும்கூட இல்லை. ஆனால், வணிகத்தின்பொருட்டுக் கடல்வழியே இவ்வூரை வந்தடைந்த மொழிகள் பலவற்றில் அது உண்டு. அரபு மொழியில் ‘அல்’ என்பது குறித்த பொருளைச் சுட்டும் முன்னொட்டு. 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியரின் மொழியில் ஆண்பாற்பெயருக்கு ஒன்றும் பெண்பாற்பெயருக்கு ஒன்றும் எனத் தனித்தனி ஆர்ட்டிக்கிள்கள் உள்ளன. டச்சுக்காரர் 1613இல் இங்குக் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். அவர்கள் மொழியில் ‘தி’ என்பதற்கு ஈடாக ‘டெ’, ‘ஹெட்’ என்னும் இரு சொற்கள் உண்டு. எப்பெயருக்கு எது என்பதைப் பெயரோடு சேர்த்தே கற்க வேண்டும். அதனை நோக்க ஆங்கிலம் எளிது.

பழவேற்காட்டில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் டச்சுக்காரரின் சமயப் பணியாளராக வாழ்ந்தவர் ஆபிரகாம் ரோஜீரியஸ். இங்கு வாழ்ந்த பிராமணர்களிடம் கேட்டறிந்த இந்து சமயச் செய்திகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1651இல் லெய்டன் நகரில் அச்சேறியது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக இடம்பெற்ற நூலும் அதுவே. மறைந்திருக்கும் சமயத்துக்குத் திறந்த வாயில் என்னும் கருத்தில் அமைந்த அதன் டச்சுத் தலைப்பில், வாயிலுக்கு முன் ‘டெ’யும் சமயத்துக்கு முன் ‘ஹெட்’டும் வருகின்றன. தமிழில் அத்தலைப்பைச் சொல்லும்போது அவ்விரண்டுக்கும் ஈடாக எச்சொல்லும் தேவைப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

தமிழ் இம்மொழிகளிடமிருந்து பெயர்களைத் தாராளமாகப் பெற்றது. சாவி, மேசை, ஜன்னல் ஆகியன போர்த்துக்கீசியம் தந்தவை. துட்டு என்பது டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர். ஆனால், அப்பெயர்களோடு ஒட்டிவந்த ஆர்ட்டிக்கிள்களைத் தமிழ் ஏற்கவில்லை. சரக்கை இறக்கிக்கொண்டு கப்பலைத் திருப்பி அனுப்பியதுபோல விட்டுவிட்டது. ஐரோப்பிய மொழிகள் அரபிடம் கடன்பெற்றபோது சில சொற்களில் ‘அல்’லும் உடன் சென்றுவிட்டது. ஆல்ஜீப்ரா, ஆல்கஹால் என்னும் சொற்களின் முதலில் நிற்பது அந்த ‘அல்’தான்.

ஆங்கிலத்தின் இரு வகை ஆர்ட்டிக்கிள்களும் பிறந்த இடம் தமிழருக்கு வியப்பளிக்கலாம். ‘ஆன்’ என்பது ஒன்று என்னும் எண்ணுப்பெயரிலிருந்து தேய்ந்தது. அதுவே மேலும் தேய்ந்து ‘எ’ ஆனது. ‘தி’ என்பது ‘அது’ எனப் பொருள்படும் ‘தட்’ என்னும் சுட்டுச்சொல்லோடு ஒரே வேரில் கிளைத்தது. எண்ணும் சுட்டும் தமிழிலும் இதே பணியைச் செய்வதை மேலே கண்டோம்.

ஓர், ஒரு, ஆன், எ

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஓர்’, உயிர்மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஒரு’ என்பது தமிழ் மாணவர் அறிந்த மரபு: ஓர் ஏரி, ஒரு படகு. ஆங்கிலத்தில் ‘ஆன்’, ‘எ’ வருமிடங்களும் அவ்வாறே. ஆனால், தமிழில் எழுத்தும் ஒலியும் ஒன்றியிருத்தலின் எழுத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஆங்கிலத்தில் எழுத்து ஏமாற்றும். அங்கு ஒலியே அளவுகோல்.

இதற்குத் தமிழ் மாணவர் கையில் எளிய கருவி ஒன்று உள்ளது. ஐயம் தரும் ஆங்கிலச் சொல்லை ஒலிக்கும்படியே தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் போதும். ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் சொல், ஆங்கில நெடுங்கணக்கின் ‘எச்’ எழுத்தில் தொடங்கினாலும் தமிழில் ‘அவர்’ என்றே எழுதப்படும். முதலில் நிற்பது உயிர். எனவே ‘ஆன் அவர்’. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினும், தமிழில் ‘யுனிவர்சிட்டி’. முதலில் நிற்பது உயிர்மெய். எனவே ‘எ யுனிவர்சிட்டி’. எம்.ஏ. பட்டத்துக்கும் எம்.எல்.ஏ. பதவிக்கும் எக்ஸ்ரே படத்துக்கும் ‘ஆன்’ வருவது ஏன் என்பது, அவற்றைத் தமிழில் எழுதிய உடனே விளங்கும். ஒரு ரூபாய்த் தாளைக் குறிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: ‘ஒன்’ என்று எழுதும் பழக்கம் இருந்தாலும் ஒலி ‘வன்’ என்பதே, ஆகவே ‘எ’.

பேச்சுத்தமிழின் பழக்கம் ஒன்று இங்குக் குறுக்கிடுவதுண்டு. எகரத்தில் தொடங்கும் சொல்லை யகரம் சேர்த்து ஒலிப்பது பலரின் வழக்கம். எஞ்சினை ‘யெஞ்சின்’ என்று சொல்லிப் பழகியவர், விசைப்படகின் எஞ்சினுக்கு முன் ‘எ’ இடத் துணிவர். அங்கு வரவேண்டியது ‘ஆன்’.

‘ஆன்’ என்பதன் இறுதி மெய்யும் அடுத்த சொல்லின் முதலெழுத்தும் புணரும்போது, ஆங்கிலேயரே மயங்கியதுண்டு. மேலாடை அழுக்காகாமல் கட்டிக்கொள்ளும் ஏப்ரன், முன்னொரு காலத்தில் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்று சொல்லச் சொல்ல, நகரம் முன்னே நகர்ந்து ‘ஆன் ஏப்ரன்’ ஆகி நிலைபெற்றுவிட்டது.

எண்ணத்தக்கவையும் எண்ணத்தகாதவையும்

ஏரிக்கரையில் நீரும் மணலும் உப்பும் ஒன்று, இரண்டு என எண்ணப்படுவதில்லை. ஆங்கிலத்திலும் அவற்றுக்கு முன் ‘எ’ வருவதில்லை. இதில் சிக்கல் குறைவு. தமிழில் எண்ணப்படுவனவாகவும் ஆங்கிலத்தில் எண்ணப்படாதனவாகவும் உள்ள சொற்களே பிழைக்கு இடம் தருகின்றன. ஒரு தகவல், ஓர் அறிவுரை, ஒரு செய்தி என்று தமிழர் இயல்பாக எண்ணுவர். இவற்றுக்குரிய ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘நியூஸ்’ ஆகிய சொற்கள் ஆங்கிலத்தில் எண்ணத்தகாதவை. தேர்வுத்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுவாகவே இருக்கும்.

ஆர்ட்டிக்கிள் அறவே வாராமையும் பொருளுடையது. குப்பத்தில் ‘அவர் எங்கே?’ என்று கேட்டால் ‘தொழிலுக்குப் போயிருக்கிறார்’ என்பர். கடலில் மீன்பிடிக்கச் சென்றிருக்கிறார் என்று பொருள். கடற்கரையைப் பார்க்கச் செல்லும் சுற்றுலாப் பயணியை எவரும் அவ்வாறு சொல்வதில்லை. ஆங்கிலமும் இவ்விரண்டையும் பிரிக்கிறது. கடல்மேல் தொழில் செய்யச் செல்பவர் ‘கோஸ் டு சீ’; கடல் என்னும் இடத்துக்குச் செல்பவர் ‘கோஸ் டு தி சீ’. படிக்கச் செல்லும் மாணவர் ‘கோஸ் டு ஸ்கூல்’. மகனை அழைத்துவரச் செல்லும் தாய் ‘கோஸ் டு தி ஸ்கூல்’.

இடப்பெயர்கள்

இடப்பெயர்களுக்கு முன் ‘தி’ வருவது வழக்கைப் பொறுத்தது. பழவேற்காட்டின் நில அமைப்பை ஆங்கிலத்தில் எழுதினாலே பெரும்பாலான வகைகளும் வந்துவிடும். ‘புலிக்காட் லேக்’ எனத் தனி ஏரியின் பெயர் ‘தி’ இன்றி வரும். ஸ்ரீஹரிகோட்டா தனித்தீவு, அதற்கும் வேண்டா. ஊர்ப்பெயர்க்கும் வேண்டா. ஏரியில் வந்து கலக்கும் ஆரணியாறு, காளங்கியாறு ஆகிய ஆறுகளுக்கும், ஏரியின் ஊடே செல்லும் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோரமண்டல் எனப்படும் சோழமண்டலக் கடற்கரைக்கும், வங்காள விரிகுடாவுக்கும் ‘தி’ வேண்டும். ஏரியின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த தொடரில் ‘அந்த ஏரி’ என்ற பொருளில் சொல்லும்போது ‘தி லேக்’ என்றே வரும்.

ஒரு குறிப்பு பல இடங்களில் கைகொடுக்கும். ‘ஆஃப்’ என்னும் சொல்லைக் கொண்டு இணைக்கப்பட்ட பெயர் பெரும்பாலும் ‘தி’ ஏற்கும். ‘மெட்ராஸ் யுனிவர்சிட்டி’ என்பதற்கு அது தேவையில்லை. ‘தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’ என்பதற்குத் தேவை.

சிறு சொல்லும் உரிமையும்

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் முறை உண்டு. முகத்துவாரத்தை அடுத்த குறிப்பிட்ட நீர்ப்பகுதிகளில் யார், எந்த முறையில் வலை கட்டலாம் என்பதைக் குப்பங்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. ‘இப்பகுதியில் வலை கட்ட மீனவர்களுக்கு உரிமை உண்டு’ என்னும் தமிழ்த் தொடரைச் சூழலறிந்து படிப்பவர், பாட்டில் பங்குடைய மீனவர்களையே கருதுவர். ஆங்கிலத்தில் ‘ஃபிஷர்மென்’ என்று வெறுமையாக எழுதினால், எவ்வூர் மீனவராயினும் அனைவருக்கும் உரிமை உண்டு என்று பொருள்படும். ‘தி ஃபிஷர்மென்’ என்றால் முன்பு குறிப்பிடப்பட்டவர்களுக்கு மட்டுமே. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது.

வாரிசுச் சான்று வேண்டி எழுதும் விண்ணப்பத்திலும் இதே நிலைதான். ‘இவர் இறந்தவரின் மகன்’ என்பதில் எத்தனை மகன்கள் என்ற செய்தி இல்லை. ‘எ சன்’ என்றால் மகன்களுள் ஒருவர். ‘தி சன்’ என்றால் மகன் இவர் ஒருவரே என்ற எண்ணத்தைத் தரும். உடன்பிறந்தோர் இருக்கும்போது ‘தி’ என்று எழுதுவது பிறர் பங்கை மறைப்பதாகவே முடியும்.

‘எ’ என்னும் ஓரெழுத்து, எண்ணிக்கையின் தொனியையும் மாற்றவல்லது. ‘எ ஃபியூ’ என்றால் சிலர். ‘ஃபியூ’ என்றால் சிலரே. ‘கூட்டத்துக்குச் சிலர் வந்தனர்’ என்பதில் வந்தவரைப் பற்றிய செய்தி மட்டும் உள்ளது. ‘சிலரே வந்தனர்’ என்பதில் வாராதோரைப் பற்றிய குறையும் சேர்கிறது. ஆங்கிலம் ‘எ’யை நீக்கிப் பெறும் பொருளைத் தமிழ் ஏகாரத்தைச் சேர்த்துப் பெறுகிறது. ‘ஏரியில் கொஞ்சம் மீன் கிடைக்கிறது’ என்று மீனவர் சொன்னதைக் ‘கொஞ்சமே கிடைக்கிறது’ என்னும் பொருளில் மொழிபெயர்த்தாலும், அதனை மாற்றிச் செய்தாலும், ஏரியின் நிலை குறித்துப் படிப்பவர் பெறும் கருத்து தலைகீழாகும்.

தமிழில் மிகையாகும் ‘ஒரு’

ஆங்கிலத்தில் ‘எ’யை விட்டுவிடும் அதே மாணவர், தமிழ் எழுதும்போது வேண்டாத இடத்தில் ‘ஒரு’வைச் சேர்ப்பதையும் காணலாம். ‘அவர் ஒரு மருத்துவர்’, ‘இது ஒரு முக்கியமான பிரச்சினை’, ‘பழவேற்காடு ஒரு அழகான ஊர்’ எனச் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் வழங்கும் தொடர்கள் ஆங்கிலத்தின் நிழலில் வளர்ந்தவை. ‘அவர் மருத்துவர்’, ‘இது முக்கியமான பிரச்சினை’, ‘பழவேற்காடு அழகான ஊர்’ என்பனவே தமிழுக்கு இயல்பாகும். மூன்றாம் தொடரில் ‘ஒரு’ வந்தே தீரவேண்டும் என்பார், ‘ஓர் அழகான ஊர்’ என்றாவது எழுத வேண்டும்.

இதனால் ‘ஒரு’ வரும் இடமெல்லாம் பிழை என்று நீக்கப் புகுவதும் தவறு. புதியதை அறிமுகம் செய்யும்போது அது தேவை. ‘கரையில் ஒரு படகு நின்றது’ என்னும் தொடரில் அதனை நீக்கினால், ‘கரையில் படகு நின்றது’ என்றாகும். அப்போது கேட்பவர், முன்பே பேசப்பட்ட படகோ, எதிர்பார்த்திருந்த படகோ வந்து நிற்பதாகவும் கொள்ளக்கூடும். உயர்திணையாயின் எண்ணைப் பெயருக்குப் பின் வைத்து, ‘ஒரு மீனவர் வந்தார்’ என்பதை ‘மீனவர் ஒருவர் வந்தார்’ என்று எழுதுவது செம்மையான வழக்கு.